ஜாஸ் ஹார்மோனிகா ஆல்பம்: நான் மதிக்கிற மூன்று பேரோடு ஒன்றரை நாள் ஸ்டுடியோ. எப்படித் தயாராவது?

நாலாம்துளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். இதை வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இருப்பது நியூஜெர்சி. பத்தொன்பது வருடமாகக் குரோமாட்டிக் ஹார்மோனிகா வாசிக்கிறேன். ஊரில் மவுத் ஆர்கன் என்போமே, அதில் வலது ஓரத்தில் பொத்தான் வைத்த வகை. பகலில் ஆபீஸ், ராத்திரி ஜாம் செஷன். நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பக்கம் படியிறங்கிப் போகிற சின்னச் சின்ன கிளப்புகள் இருக்கின்றன. அங்கே முறை வரும்வரை நள்ளிரவு தாண்டியும் காத்திருந்து, இரண்டு பாட்டு வாசித்துவிட்டு ரயில் ஏறி வீட்டுக்கு வருவது பல வருடப் பழக்கம். போன மாதம் அப்படி ஒரு ராத்திரி வாசித்துவிட்டுக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தோளில் கை வைத்து, "இதை நீ ரெகார்டு பண்ண வேண்டும், பியானோ நான் வாசிக்கிறேன்" என்றார். திரும்பிப் பார்த்தால், பதினைந்து வருடமாக யாருடைய ரெகார்டுகளைத் தேடித்தேடி வாங்கிக் கேட்டேனோ அந்த மனிதர். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் அவரே போன் செய்தார். அவரோடு பல வருடமாக வாசிக்கிற பாஸ் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் சம்மதித்துவிட்டார்கள். அவர்களைக் கேட்காமல் பெயர்களை இங்கே போட எனக்கு மனமில்லை.

ஜனவரியில் ஒன்றரை நாள் ஸ்டுடியோ எடுத்திருக்கிறேன். ஒன்பது பாட்டு. எல்லாமே ஸ்ட்ரெயிட்-அஹெட், அதாவது வாக்கிங் பாஸ் (நிற்காமல் நடக்கிற பாஸ்), ரைடு சிம்பல் (டிரம்ஸில் தாளத்தை ஓட்டுகிற பெரிய தட்டு), ஸ்விங், முதலில் மெட்டு, அப்புறம் சோலோ, மறுபடி மெட்டு. ஹார்மோனிகா என்றாலே சினிமாவில் சோகக் காட்சிக்குப் பின்னால் நாலு ஸ்வரம் என்கிற எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அது எனக்குப் பெரிய ஆதங்கம். ஹார்மோனிகா மேதை டூட்ஸ் தீலெமான்ஸ் 1950களின் கடைசியில் ரிவர்சைடு கம்பெனிக்குச் செய்த 'மேன் பைட்ஸ் ஹார்மோனிகா' ரெகார்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கென்னி ட்ரூ பியானோ, வில்பர் வேர் பாஸ், ஆர்ட் டெய்லர் டிரம்ஸ், பெப்பர் ஆடம்ஸ் பாரிட்டோன் சாக்ஸ். அத்தனை பேருக்கு நடுவே அந்தச் சின்ன டப்பா ஒரு டிரம்பெட்டின் தெம்போடு நிற்கிறது. எனக்கும் அப்படி நிற்க வேண்டும்.

கேள்விகள் நிறைய இருக்கின்றன. பாட்டையும் கீயையும் (பாட்டின் ஆதார ஸ்வரம்) எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கலாமா, இல்லை நான் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் போகவா? கூட ஒரு சாக்ஸ் சேர்க்கலாமா? எல்லாவற்றையும் விடப் பெரியது, எனக்கு அவர்கள் குரு மாதிரி, ஆனால் காகிதத்தில் நான் லீடர். "கொஞ்சம் மெதுவாக எடுக்கலாமா" என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? இதை நினைத்தே ராத்திரி தூக்கம் போகிறது.

ரீடுத்தச்சன் எழுதியது:

முதலில் வாழ்த்துகள். படித்ததும் எனக்கே கை பரபரத்தது. நான் தெற்கு ஜெர்மனியில் இருக்கிறேன், ஹோனர் கம்பெனி 1857இல் தொடங்கிய ட்ரோஸிங்கன் ஊர் இங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஹார்மோனிகா ரிப்பேர் என் பொழுதுபோக்கு. அதனால் கருவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுருதி. இதைப் பலர் முன்கூட்டி யோசிப்பதே இல்லை, ஸ்டுடியோவுக்குப் போய்த்தான் தலையில் கை வைக்கிறார்கள். கடையில் வாங்குகிற குரோமாட்டிக் பெரும்பாலும் ஏ ஸ்வரம் வினாடிக்கு 442 அல்லது 443 அதிர்வு என்று சுருதி சேர்த்து வரும். ஸ்டுடியோ பியானோ பெரும்பாலும் 440. 442க்கும் 440க்கும் இடையில் ஏறக்குறைய 8 சென்ட், அதாவது ஒரு அரை ஸ்வரத்தில் நூற்றில் எட்டுப் பங்கு. அழுத்தி ஊதினால் ரீடின், அதாவது உள்ளே அதிர்கிற மெல்லிய உலோக நாக்கின், சுருதி கொஞ்சம் இறங்கும், அதை ஈடுகட்டத்தான் கம்பெனியிலேயே உயர்த்தி வைக்கிறார்கள். வேகமான பாட்டில் நீங்கள் தெம்பாக ஊதுவீர்கள், தானாகப் பியானோவோடு ஒட்டிக்கொள்ளும். சிக்கல் பாலட்டில்தான், அதாவது மெதுவான பாட்டில். அங்கே மூச்சைச் சன்னமாக விடுவீர்கள், ரீடு ஏறி நிற்கும், பியானோவின் நீளமான கார்வைக்கு மேல் உங்கள் ஸ்வரம் கூசும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். இதற்கு நான் செய்வது: ஒரு கருவியை 442இலேயே விட்டுவிட்டு, இன்னொன்றை 441க்கு இறக்கிப் பாலட்டுக்கென்று தனியாக வைப்பேன். ரீடின் அடியில், ஆணி அடித்த இடத்துக்குப் பக்கத்தில், லேசாகச் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியில் சுரண்டினால் ஏறும். பழக்கம் இல்லாவிட்டால் நீங்களே கை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். அன்று காலை பியானோவை எந்தச் சுருதிக்குச் சேர்ப்பார்கள் என்று ஸ்டுடியோவில் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்து வால்வு. உள்ளே பெரும்பாலான ரீடுகளுக்கு எதிர்ப்பக்கம் காற்று ஒழுகாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கும். ஜனவரிக் குளிரில் வெளியிலிருந்து வந்து உடனே ஊதினால் உங்கள் மூச்சு சில்லிட்ட பித்தளையில் பட்டு நீராகும், பட்டை ஒட்டிக்கொள்ளும், ஸ்வரம் வருவதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கிளப்பில் யாருக்கும் கேட்காத அந்தச் சத்தம் ஸ்டுடியோ மைக்கில் சுத்தியல் அடித்த மாதிரி விழும். கருவிகளை உள்பாக்கெட்டிலோ வெந்நீர்ப் பை மேலோ உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். மத்தியானம் சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்காமல் கருவியைத் தொடாதீர்கள். குறைந்தது மூன்று கருவி எடுத்துப் போங்கள்.

கீ விஷயத்துக்கு வருகிறேன். சி கருவியில் நாலு துளைக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பும், ஊதினால் சி, இ, ஜி, சி, இழுத்தால் டி, எஃப், ஏ, பி. பொத்தானை அழுத்தினால் எல்லாம் அரை ஸ்வரம் ஏறும். ஜாஸ் ஸ்டாண்டர்டுகளில், அதாவது எல்லாரும் வாசிக்கிற பழகிய பாட்டுகளில், பெரும்பாலானவை பி ஃபிளாட், இ ஃபிளாட், எஃப் என்று சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் வசதியான கீக்களில் வருகிறவை. நமக்கு அங்கே பொத்தானும் மூச்சும் அடிக்கடி திசை மாறும், வேகமான இடத்தில் சொற்றொடர் உடையும். ஆனால் டி ஃபிளாட் என்றால் மற்றவர்கள் பயப்படுவார்கள், நமக்கு அது வீட்டு முற்றம், பொத்தானை அழுத்தியே வைத்துக்கொண்டால் சி மேஜர் வாசிக்கிற மாதிரிதான். ஒரு பாலட்டையாவது டி ஃபிளாட்டில் வையுங்கள். டூட்ஸ் எல்லாக் கீயையும் சி கருவியிலேயே வாசித்தார் என்பதை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மூலக் கீயில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எந்தக் கீயில் மெட்டு உங்கள் மூச்சோடு இழைகிறதோ அதில் எடுங்கள், பியானோக்காரருக்குப் பன்னிரண்டு கீயும் ஒன்றுதான். இன்னொன்று, மூன்றாம் ஸ்தாயியில் நம் கருவி மெலிந்து கீச்சிடும். கீ மாற்றும்போது மெட்டு கீழ் இரண்டு ஸ்தாயிக்குள் நிற்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

சாக்ஸ் பற்றி: நீங்கள் சொன்ன ரெகார்டில் பாரிட்டோன் அமைந்ததற்குக் காரணம் இரண்டு குரலுக்கும் இடையில் இருக்கிற தூரம். கனமான குரல் கீழே, மெல்லிய குரல் மேலே, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. ஆல்ட்டோ சேர்த்தால் உங்கள் இடத்திலேயே வந்து உட்காரும். என்னைக் கேட்டால் முதல் ஆல்பத்துக்கு நாலு பேர் போதும்.

ஒலிப்பதிவுக்காரன் எழுதியது:

ரீடுத்தச்சன் சொன்ன சுருதி விஷயம் நூற்றுக்கு நூறு சரி, நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன்.

ஒரே அறையா, தனி அறையா என்பதற்கு முன்னால் நீங்களே ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். வாசித்த பிறகு தப்பான ஸ்வரத்தை ஒட்டுப்போட்டுத் திருத்துவீர்களா, மாட்டீர்களா? திருத்துவேன் என்றால் கண்ணாடி அறைக்குப் போய்விடுங்கள். உங்கள் மைக்கில் ரைடு சிம்பல் கலந்துவிட்டால் பிறகு உங்கள் ஸ்வரத்தை வெட்டும்போது சிம்பலும் சேர்ந்து வெட்டுப்படும். திருத்த மாட்டேன், டேக் (ஒருமுறை முழுதாக வாசித்த பதிவு) நன்றாக இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் இன்னொரு டேக் என்றால் தாராளமாக ஒரே அறை. நான் ஒரே அறைக் கட்சி. பியானோக்காரர் மூச்சு இழுப்பது உங்களுக்குக் கேட்கிற தூரத்தில் நின்றால் நீங்கள் வாசிப்பதே மாறும்.

உங்கள் மாநிலத்துக்காரர் ஒருவரை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரூடி வான் கெல்டர் நியூஜெர்சியில் ஹேக்கன்சாக் ஊரில் தன் அப்பா அம்மாவின் வரவேற்பறையில்தான் ஜாஸ் உலகமே இன்றைக்கும் கேட்கிற ரெகார்டுகளைப் பதிவு செய்தார். பகலில் கண் பரிசோதனைத் தொழில், மற்ற நேரத்தில் ஒலிப்பதிவு. 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டுடியோ கட்டி முழுநேரமாக இறங்கினார். வரவேற்பறையில் நாலைந்து பேர் நெருங்கி உட்கார்ந்து வாசித்தது அது. இன்னொரு விஷயம் என் மனதில் அப்படியே நிற்கிறது, 2016 ஆகஸ்டில் டூட்ஸ் 22ஆம் தேதி போனார், வான் கெல்டர் 25ஆம் தேதி. அந்த வாரம் முழுக்க இருவர் ரெகார்டுகளையும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மைக். டூட்ஸ் மேடையில் மைக்கைக் கருவியோடு சேர்த்துக் கைக்குள் பிடித்து வாசிப்பார். அதில் லாபம் உண்டு, வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறவே மாறாது, குரல் உருண்டையாக வரும். ஆனால் மூச்சும் பொத்தான் 'க்ளிக்'கும் பக்கத்திலேயே கேட்கும், கையால் அடைத்துத் திறக்கிற நயம் பாதி போய்விடும். ஸ்டுடியோவில் நான் ரிப்பன் மைக் வைப்பேன், உள்ளே மெல்லிய உலோகப் பட்டை அதிர்கிற வகை. ஹார்மோனிகாவில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்துகிற ஒரு கூர்மை இருக்கிறது, கண்டென்சர் மைக் அதை இன்னும் தூக்கிக் காட்டும், ரிப்பன் மழுக்கித் தரும். ரிப்பன் முன்னாலும் பின்னாலும் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் அதற்குக் காது கிடையாது. அந்தச் செவிட்டுப் பக்கத்தை டிரம்ஸைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், ஒரே அறையில் இருந்தாலும் சிம்பல் கலப்பது பாதிக்கு மேல் குறையும். தூரம் ஒரு அடி, ஒன்றரை அடி, வாய்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக. நேராக ஊதினால் ரிப்பன் பட்டை சேதமாகும், சொல்லிவிட்டேன்.

ஹெட்போன் போட்டால் ஒரு காதை வெளியே விடுங்கள். ஹார்மோனிகா வாயில் இருப்பதால் எலும்பு வழியாக உங்களுக்கு எப்போதுமே பெரிதாகக் கேட்கும், இரண்டு காதையும் மூடினால் அது இன்னும் கூடும், அதனால் தெரியாமலே சின்னதாக வாசிக்க ஆரம்பிப்பீர்கள்.

அப்புறம், முதல் பாட்டாக நடுத்தர வேகத்தில் ஒரு பி ஃபிளாட் புளூஸ் வையுங்கள். லெவல் பார்க்க என்று சொல்லிவிட்டு வாசியுங்கள், நானாக இருந்தால் அதைக் கட்டாயம் பதிவு செய்வேன். யாரும் விறைக்காமல் வாசித்த டேக் பல சமயம் அதுதான்.

நாலாம்துளை எழுதியது:

கண் கலங்குகிறது, இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டுடியோவுக்கு இன்றைக்கே போன் செய்தேன், பியானோ 440இல்தான் இருக்கும், கேட்டால் 441க்குச் சேர்த்துத் தருவார்களாம். ஒட்டுப்போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், ஒரே அறை. ஆனால் என் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. அவர்களுக்கு நான் எதையாவது சொல்லலாமா?

கட்டைப்பாஸ் எழுதியது:

தம்பி, நான் டொராண்டோவில் இருக்கிறேன், இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுடைய ஆல்பங்களுக்குப் பாஸ் வாசிக்கிறவன். நீங்கள் அந்தப் பக்கம் நின்று பயப்படுகிறீர்கள், நான் இந்தப் பக்கம் நின்று சொல்கிறேன். எங்களை வருத்துகிற லீடர் யார் தெரியுமா? ஒன்றுமே சொல்லாதவர். மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார், டேக் முடிந்ததும் முகம் வாடியிருக்கும், என்ன என்று கேட்டால் "இல்லை, அருமை, அருமை" என்பார். நாங்கள் வேகம் கூடிப்போனதா, கோர்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) பிடிக்கவில்லையா என்று எங்களுக்குள்ளேயே குழம்பிக்கொண்டு அடுத்த டேக்கைக் கெடுப்போம். "கொஞ்சம் மெதுவாக எடுக்கலாமா" என்று நீங்கள் கேட்டால் அது எங்களுக்குச் செய்கிற உதவி. வேகத்தை நீங்களே எண்ணிக் கொடுங்கள். எண்ணுவதற்கு முன் மெட்டின் நடுப்பகுதியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு எண்ணுங்கள், முதல் வரியை வைத்து எண்ணினால் எப்போதும் வேகமாகத்தான் வரும்.

சொல்ல வேண்டியது வேகம், தொடக்கம், முடிவு, யார் எத்தனை சுற்று சோலோ. அவ்வளவுதான். எந்தக் கோர்டைப் பியானோ வாசிக்க வேண்டும், நான் எந்த ஸ்வரத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் கையில் விடுங்கள், அதற்காகத்தானே எங்களைத் தேடினீர்கள். சார்ட்டை (மெட்டும் கோர்டும் எழுதிய தாள்) ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள், ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், முடிவு எப்படி என்று கடைசி வரியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஜாஸ் டேக்குகள் அதிகம் சாகிறது கடைசி நாலு பாரில், அதாவது கடைசி நாலு தாளக் கட்டத்தில்தான். ஏழு நிமிஷம் சொர்க்கம் மாதிரி போய்விட்டு, முடிக்கிற இடத்தில் ஒருவர் நிறுத்த ஒருவர் தொடர, எல்லாம் வீண்.

முடிந்தால் ஸ்டுடியோவுக்கு முன்னால் எங்கேயாவது ஒரு சின்ன இடத்தில் இதே நாலு பேரும் இதே ஒன்பது பாட்டையும் சனத்துக்கு முன்னால் ஒரு இரவு வாசியுங்கள். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குவின்டெட் (ஐந்து பேர் குழு) 1956இல் மே 11, அக்டோபர் 26 என்று இரண்டே நாளில் பிரெஸ்டீஜ் கம்பெனிக்கு நாலு ஆல்பத்துக்குப் போதுமானதைப் பதிவு செய்தது, அதுவும் பெரும்பாலும் ஒரே டேக். எப்படி முடிந்தது? இரவிரவாக கிளப்பில் வாசித்த பாட்டுகளையே அங்கும் வரிசையாக வாசித்தார்கள். ஒத்திகை அறையில் பத்து நாள் இருப்பதை விட சனத்துக்கு முன்னால் ஒரு இரவு பெரிது.

பியானோ கலைஞர் பில் எவான்ஸ் 1978இல் டூட்ஸோடு செய்த 'அஃபினிட்டி'யைக் கேளுங்கள். பாஸ் மார்க் ஜான்சன், அந்த வருஷம்தான் எவான்ஸோடு சேர்ந்தவர், இருபதுகளின் நடுவில் ஒரு இளைஞர். டூட்ஸுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மார்க் ஜான்சன் எங்கேயாவது ஒதுங்கி நிற்கிறாரா என்று பாருங்கள். மெட்டுக்கு அடியில் எவ்வளவு உரிமையோடு நடக்கிறார். அந்தப் பெரியவர்களுக்கு அவர் கொடுத்த மரியாதையே அந்த உரிமைதான்.

கடைசியாக, பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், மத்தியானம் சூடான சாப்பாடு வாங்கி வையுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். மற்றவர்கள் இயற்றிய பாட்டை அமெரிக்காவில் சிடியாகவோ டவுன்லோடாகவோ விற்றால் ஒவ்வொரு பிரதிக்கும் இயற்றியவர் தரப்புக்கு மெக்கானிக்கல் ராயல்டி கட்ட வேண்டும். 2023இல் விகிதம் 5 நிமிடம் வரை 12 சென்ட், அதைத் தாண்டினால் நிமிடத்துக்கு 2.31 சென்ட், அதன்பிறகு வருடாவருடம் விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறுகிறது. ஜாஸ் டேக் சர்வசாதாரணமாக 8 நிமிடம் போகும். பழைய 2023 விகிதத்திலேயே போட்டாலும் ஒரு பாட்டுக்கு 18.48 சென்ட், 500 சிடி அடித்தால் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் 92 டாலர் 40 சென்ட். ஒன்பது பாட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். சொந்தப் பாட்டு இரண்டு இருந்தால் அந்த அளவுக்கு மிச்சம். ரொம்பப் பழைய பாட்டுகளுக்குக் காப்புரிமைக் காலமே முடிந்திருக்கும், அவற்றையும் தேடிப் பாருங்கள். அனுமதியைச் சிடி அடிப்பதற்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும், வெளியிட்ட பிறகு ஓடினால் செலவும் அலைச்சலும் இரட்டிப்பு.

நாலாம்துளை எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ரெகார்டிங் முடிந்தது. ஒன்பது போட்டு எட்டு தேறியது, அதில் இரண்டு என் சொந்தப் பாட்டு.

முந்தின வாரம் ஒரு காபி கடையின் பின்னறையில் நாலு பேரும் வாசித்தோம், முப்பது பேர் இருந்திருப்பார்கள். கட்டைப்பாஸ் அண்ணா, நீங்கள் சொன்னது அங்கேயே நடந்தது, இரண்டு பாட்டின் முடிவு சார்ட்டில் தெளிவாக இல்லாமல் ஆளுக்கொரு இடத்தில் நின்றோம். அன்று ராத்திரியே உட்கார்ந்து எல்லா முடிவையும் திருத்தி எழுதினேன்.

ஸ்டுடியோவில் முதல் பாட்டு பி ஃபிளாட் புளூஸ், லெவல் பார்க்க என்று வாசித்தது. அதுதான் ஆல்பத்திலும் முதல் பாட்டு. இரண்டாவது டேக் எடுத்தோம், சுத்தமாக இருந்தது, ஆனால் முதல் டேக்கில் டிரம்ஸ்காரர் என் மூன்றாம் சுற்றில் ஒரு இடத்தில் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பு என் மைக்கில் லேசாக விழுந்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்லவில்லை.

பாலட்டை டி ஃபிளாட்டில் எடுத்தோம், 441 கருவியில். நான் நாலு எண்ணினேன், பியானோக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த வேகம்தானா உன் மனதில் இருப்பது?" என்று கேட்டார். தொண்டை அடைத்தது. உண்மையைச் சொன்னேன், இதைவிட மெதுவாக, ஆனால் உங்களுக்கு இழுவையாக இருக்குமோ என்று கொஞ்சம் கூட்டி எண்ணிவிட்டேன் என்றேன். "பாடிக் காட்டு" என்றார். ஹார்மோனிகாவைக் கீழே இறக்கிவிட்டு நடுப்பகுதியை வாயால் முனகினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு அந்த வேகத்திலேயே இடது கையால் இரண்டு கோர்டு வைத்தார், நான் எண்ணவே இல்லை, அப்படியே உள்ளே போய்விட்டோம். டிரம்ஸ்காரர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர் முதல் சுற்று முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தார், ஒரு அடி அடிக்கவில்லை. இரண்டாம் சுற்றில்தான் உள்ளே வந்தார். ஒரே டேக். முடிந்ததும் கடைசி ஸ்வரம் அறையில் அடங்கும்வரை யாரும் அசையவில்லை, பிறகு பாஸ்காரர் காகிதத்தைத் திருப்பி அடுத்த பாட்டை ஸ்டாண்டில் வைத்தார்.

ரீடுத்தச்சன், இவ்வளவு பத்திரமாக இருந்தும் ஐந்தாவது பாட்டில் 442 கருவியின் மூன்றாம் துளை வால்வு ஒட்டிக்கொண்டது, பொத்தானை அழுத்தி இழுக்கிற பி ஃபிளாட் வரும்போதெல்லாம் 'டப்'. பத்து நிமிடம் நிறுத்தித் திறந்து துடைத்தேன். அந்தப் பத்து நிமிடமும் பியானோக்காரர் தன் பாட்டுக்கு எதையோ வாசித்துக்கொண்டிருந்தார், ஒலிப்பதிவு செய்தவர் நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறார். மறுநாள் கேட்டபோது அதில் ஒரு நாற்பது வினாடி என் சொந்தப் பாட்டு ஒன்றுக்கு முன்னால் வைக்க அளவெடுத்த மாதிரி இருந்தது. அவரிடம் கேட்டேன், வைத்துக்கொள் என்றார்.

அடுத்த வாரம் மிக்ஸிங். ஒலிப்பதிவுக்காரன் சார், ரிப்பனைத்தான் வைத்தோம், ஒன்றேகால் அடி தூரத்தில். புளூஸில் சிம்பல் நன்றாக ஒதுங்கியிருக்கிறது, ஆனால் வேகமான பாட்டுகளில் என் மேல் ஸ்தாயி இன்னும் கொஞ்சம் கூர்மையாகத் தெரிகிறது. ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைப்பது) அந்த 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குறைத்தால் சிம்பலின் குச்சிச் சத்தமும் சேர்ந்து மங்குமா? ஒரு துண்டு அனுப்பினால் கேட்டுப் பார்த்துச் சொல்வீர்களா?